தூரிகையும் கணக்கேடும்

ஆங்கிலத்தில் ‘பிரீலான்ஸ்’ என்றொரு சொல் வழங்குகிறது. ஸ்கொத்லாந்து நாட்டு ஆசிரியர் வால்டர் ஸ்கொட் 1819ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ என்னும் நவீனத்தில், எந்த மன்னனுக்கும் நிலையான ஊழியராய் இராமல், கூலி கொடுப்பவர் பக்கம் நின்று ஈட்டியேந்திப் போர் செய்த வீரரை அச்சொல் குறித்தது. ஈட்டிகள் அரும்பொருட் காட்சிச்சாலைக்குப் போய்விட்டன. சொல் மட்டும் தங்கிவிட்டது. ஒரு முதலாளியின் கீழ் மாதச் சம்பளத்திற்கு இராமல், வேண்டுவோர் பலருக்கும் தம் திறமையை வேலைதோறும் விலைபேசி அளிப்போரை இன்று அது குறிக்கிறது. நாம் இதனைச் சுயாதீனத் தொழில் என்போம். சுயாதீனம் என்ற சொல் செவிக்கு இனிமையானதே. ஆயின் அரசன் இல்லாத வீரனுக்கு மாதம் முடிந்ததும் படியளக்க அரண்மனையும் இல்லை என்பதை மறந்துவிடலாகாது.

கல்முனையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இத்தொழிலை நாடும் இளைஞரை இப்பொழுது அடிக்கடி காண்கிறோம். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று அக்கரைப்பற்று வரை நீளும் இக்கரையோரத்தில், படித்த பிள்ளைக்கு மூன்று வழிகளே உண்டென்று பெற்றோர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஒன்று அரச உத்தியோகம். மற்றொன்று தகப்பனார் வைத்த கடை. இரண்டும் வாய்க்காவிடில் கட்டாருக்கோ சவூதிக்கோ விமானம் ஏறுதல். கொழும்பு விளம்பர நிறுவனங்கள் நமக்கு எட்டாத் தூரத்தில் இருந்தன. புகையிரதப் பாதையும் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து கல்முனைக்கு இன்னும் 40 கிலோமீற்றர் அளவில் வரவேண்டும். இணையத்திற்கோ தண்டவாளம் வேண்டியதில்லை. வீட்டின் ஓர் அறையில் மேசையும் கணினியும் இருந்தால், உள்ளூர்ப் பேக்கரிக்கும் உலகின் மறுகோடியில் உள்ள கடைக்கும் அங்கிருந்தே வேலை செய்து கொடுக்கலாம் என்ற நான்காவது வழி இவ்வாறு பிறந்திருக்கிறது.

அவ்வேலைதான் யாது? அது வரைகலை, சந்தைப்படுத்தல் என இரு கூறுகளை உடையது. எழுத்தையும் படத்தையும் நிறத்தையும் வெற்றிடத்தையும் ஒழுங்குபடுத்தி, பார்ப்பவர் ஒரு நொடியில் செய்தியை உணருமாறு செய்வது வரைகலை. யாருக்கு, எப்பொழுது, எந்த வாயிலாகச் செய்தியைச் சேர்ப்பது என்று ஆய்ந்து முடிவு செய்வது சந்தைப்படுத்தல். மருதமுனையின் கைத்தறிச் சாரத்தை எடுத்துக்கொள்வோம். நெசவாளர் கையில் திறம் இருக்கிறது. நூலில் உறுதி இருக்கிறது. வெளியூர்க் கடையில் அதே சாரம் பெயரற்ற பொருளாய் அடுக்கில் கிடக்குமாயின், வாங்குபவன் விலையை மட்டுமே ஒப்பிடுவான். அதற்கு ஒரு பெயரும், ஒரு சிறு சின்னமும், எந்த ஊரில் எவ்வாறு நெய்யப்பட்டதென்று கூறும் ஓர் அட்டையும் அமைந்துவிட்டால், அவன் ஊரையும் உழைப்பையும் சேர்த்து மதிப்பிடுகிறான். பொருளின் தரத்தை அட்டை உயர்த்திவிடாது; உள்ள தரத்தை ஊரறியச் செய்யும். இதுவே இத்தொழிலின் நியாயமான பயன்.

இக்கலை நம்மவர்க்குப் புதிதன்று. தகரப் பலகையில் எனாமல் வர்ணம் கொண்டு கடைப் பெயர் எழுதிய ஓவியர்களை நாற்பது வயது கடந்தோர் அனைவரும் அறிவர். அவர்களும் வேலைக்கு வேலை விலைபேசி வாழ்ந்த சுயாதீனத் தொழிலாளரே. தமிழகத்தில் கொண்டையா ராஜூ (1898–1976) நாடகக் குழுவிற்குத் திரைச்சீலை எழுதியவர். கோவில்பட்டி என்னும் சிற்றூரில் நிலையாகத் தங்கி அவர் வரைந்த தெய்வப் படங்கள் நாட்காட்டிகளாக அச்சேறித் தமிழர் இல்லங்களின் சுவர்களை நிறைத்தன. தஞ்சாவூரில் 1924இல் பிறந்த கோபுலு, ‘ஆனந்த விகட’னில் சித்திரக்காரராய்ப் பெரும்புகழ் பெற்ற பின்னர், 1960களில் அவ்விடம் விட்டு விளம்பரத் துறைக்குச் சென்றார், 1972இல் தமக்கெனவே ஒரு விளம்பர நிறுவனத்தைத் தொடங்கினார். முன்னவர் வாழ்வு, சிற்றூரில் இருப்பது குறையாகாது என்பதைக் காட்டுகிறது. சித்திரம் எழுதும் கை வாணிபத்தின் மொழியையும் கற்றால் சொந்தக் காலில் நிற்கலாம் என்பது பின்னவர் வாழ்வால் விளங்குகிறது.

நம் கரையோரத்து இளைஞரிடம் கைத்திறன் குறைவில்லை. மென்பொருள்களைப் பழகுவதிலும் அவர்கள் பின்தங்கவில்லை. அவர்களிடம் இல்லாதது ஒரு கணக்கேடு. இவ்வாறு கூறுவது சிலருக்கு வியப்பாய் இருக்கலாம். பல இளைஞரின் தொழில் முதல் ஆண்டிலேயே தளர்ந்து போவதற்கு இதுவே காரணம் என்பது நாம் கண்டறிந்த உண்மை.

நம் ஊர்களில் ‘சும்மா’ என்றொரு சொல் உண்டு. “மச்சான், ஒரு போஸ்டர்தானே, அஞ்சு நிமிச வேலை, சும்மா செஞ்சி தா” என்பான் தோழன். பிரத்தியேக வகுப்பு நடத்துபவர் வருவார். விளையாட்டுக் கழகம் வரும். தேர்தற் காலமாயின் அண்டை வீட்டாரே வருவர். மேசன் வேலை செய்பவரிடமோ தையற்காரரிடமோ அவ்வாறு கேட்க எவரும் துணியார். கணினியில் செய்யும் வேலையில் வியர்வை தெரியாமையால், அது வேலையாகவே தோன்றுவதில்லை.

நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி, கேக் செய்து விற்கும் தன் சாச்சிக்காக ஒரு சின்னமும் விலைப்பட்டியலும் பெருநாட் கால விளம்பரங்களும் செய்து கொடுத்திருந்தாள். விற்பனை நன்கு நடந்தது. அதன்பின் சாச்சி மாதந்தோறும் புதுப்புது வேலை அனுப்பலானார். “சேர், சாச்சிட்டப் போய் எப்படிக் காசு கேக்கிற?” என்று அவள் தயங்கி வினவினாள். “மகள், சாச்சி உங்களுக்குக் கேக் தரும்போது மாவின் விலையை யார் கொடுக்கிறார்?” என்று நாம் கேட்டோம். சாச்சியே கொடுப்பதாகவும், எனினும் பெரிய கேக்காயின் உம்மா காசு கொடுத்துத்தான் வாங்குவார் என்றும் கூறினாள். விடை அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. அன்புக்கு ஒரு சிறு துண்டு. தொழிலுக்கு உரிய விலை. அடுத்த மாதம் அவள் ஒரு விலைப்பட்டியலை எழுதி, உறவினர்க்கு எவ்வளவு குறைவு என்பதையும் அதிலேயே குறித்துச் சாச்சியிடம் கொடுத்தாள். சாச்சி கோபிக்கவில்லை. எவ்வளவு கொடுப்பதென்று தெரியாமல் தாமும் சங்கடப்பட்டதாகக் கூறினாராம்.

விலையை எவ்வாறு அறுதியிடுவது? பக்கத்துத் தெருவில் ஒருவன் ஆயிரம் ரூபாய் கேட்கிறான், ஆகவே நாம் எண்ணூறு கேட்போம் என்பது விலையாகாது. இருவரும் சேர்ந்து பள்ளத்தில் விழும் வழி அது. ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய குடும்பத்திற்கு மாதம் 90,000 ரூபாய் வேண்டும் என்று கொள்வோம். கணினியின் விலை 3,00,000 ரூபாய். அது ஐந்தாண்டு உழைக்குமாயின் மாதத்திற்கு 5,000 ரூபாய் தேய்மானம். மின்சாரத்திற்கும் இணையத்திற்கும் 10,000 ரூபாய். இனி, பலர் மறந்துவிடும் தொகை ஒன்று உண்டு. சம்பளக்காரர் ஒருவருக்கு, 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12 வீதமும், 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் செலுத்துகிறார். சுயாதீனத் தொழிலாளிக்கு முதலாளியும் தானே. ஆகவே அந்த 15 வீதத்தையும் தானே ஒதுக்கவேண்டும். நோய்நொடிக்குச் சிறிது சேர்த்து அதனை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,20,000 ரூபாய் ஆகிறது.

மாதத்தில் 25 நாள் வேலை செய்யலாம். ஆனால் ஒரு நாளின் முழு நேரமும் கூலிக்குரிய நேரமாகாது. வாடிக்கையாளரோடு பேசுதல், புதிய வேலை தேடுதல், புதியன கற்றல் ஆகியவற்றிற்குப் பாதி நாள் போய்விடும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே கூலிக்குரியதெனின், மாதத்தில் 100 மணி நேரம். ஒரு மணிக்கு 1,200 ரூபாய். ஐந்து மணி நேரம் எடுக்கும் கலியாணக் காட் ஒன்றிற்கு 6,000 ரூபாய் என்று கூறும்பொழுது, இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் நா தடுமாறாது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் பழமொழி. வரைபவன் கணக்குப் பாராவிடில் அவ்வுழக்கும் கண்ணிற் படாது.

உலகறிந்த ஒரு நிகழ்ச்சியும் இங்கு நினைக்கத் தக்கது. 1971இல் அமெரிக்காவின் போர்ட்லன்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் கரொலின் டேவிட்சன் என்னும் மாணவி வரைகலை பயின்றார். அங்கே கணக்கியல் கற்பித்த பில் நைட் என்பவர் தம் சப்பாத்து நிறுவனத்திற்கு ஒரு சின்னம் வரைந்து தருமாறு கேட்டார். நைக்கி நிறுவனத்தின் வளைந்த கோடாக இன்று உலகம் அறிந்த அச்சின்னத்திற்கு அவர் பெற்ற கூலி 35 டொலர். 1983இல் அந்நிறுவனம் அவருக்கு மோதிரமும் பங்குகளும் வழங்கிச் சிறப்பித்தது. கதை நன்றாகவே முடிந்தது. ஆயினும் பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த அச்சிறப்பு, கொடுத்தவரின் நல்லெண்ணத்தால் வந்தது. எல்லார்க்கும் அத்தகைய வாடிக்கையாளர் வாய்ப்பார் என்று நம்பித் தொழில் நடத்த இயலுமா?

ஆகவே விலைக்கு அடுத்து வேண்டியது எழுத்து. வேலையின் அளவு யாது, எத்தனை நாளில் முடியும், முற்பணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தித் தரப்படும், அதற்கு மேற்பட்ட திருத்தத்திற்கு என்ன கட்டணம் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருதரப்பாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பி “சரி” என்று விடை பெற்றாலும் பெரும்பாலான பிணக்குகள் நீங்கும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஊழியர் ஒருவர் தம் வேலையின்போது ஆக்கியதன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து முதலாளிக்கு உரியது. சுயாதீனமாக ஆக்குபவரோ தம் ஆக்கத்திற்குத் தாமே முதல் உரிமையாளர். எந்த உரிமையை வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறோம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுதல் நன்று. இது அவநம்பிக்கையின் அடையாளமாகாது. இருவருடைய ஞாபகமும் வேறுபடுமிடத்து நட்பைக் காப்பது அக்காகிதமே.

பணம் வாங்கலாகாத வேலையும் ஒன்று உண்டு. இரவு இரண்டு மணிக்கு ஒரு ஜனாஸா அறிவித்தல் செய்யவேண்டுமென்று தொலைபேசி வரும். காரைதீவிலிருந்தோ பாண்டிருப்பிலிருந்தோ மரண அறிவித்தலுக்காகவும் அழைப்பு வரும். எழுந்திருந்து செய்து கொடுக்கும் இளைஞர்களை நாம் அறிவோம். அவர்கள் பணம் கேட்பதில்லை, அவ்வாறு கேளாதிருப்பதே இந்த மண்ணின் மரபு. மனமுவந்து தானே தேர்ந்து கொடுப்பது கொடை. கேட்க நாவெழாமல் இழப்பது ஏமாற்றம். இரண்டையும் ‘சும்மா’ என்ற ஒரே சொல்லால் நாம் அழைப்பதுதான் குழப்பத்திற்குக் காரணம். கொடையையும் கணக்கேட்டில் எழுதி, எதிரே சுழியம் இடுவது நல்ல பழக்கம். மாத இறுதியில் எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு இழந்தோம் என்பது வேறு வேறாகத் தெரியும்.

இவ்விளைஞரின் மூலதனம் கணினி மட்டுமன்று. இக்கரையில் தொழில் செய்பவர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்ற மூன்றோடு அரபு எழுத்தையும் கையாள வேண்டியிருக்கிறது. அரபு வலமிருந்து இடமாகச் செல்வது. எழுத்துகள் அடுத்ததோடு இணைந்து உருமாறுவன. மென்பொருள் அதனை அறியாதாயின் சொற்கள் உடைந்து, வரிசை தலைகீழாகி நிற்கும். தமிழில் மேலும் கீழும் குறிகள் வருவதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தினும் கூடிய இடைவெளி வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் ஏற்றப்பட்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். 1991இல் முதற் பதிப்பு வெளிவந்த யூனிகோட் முறையில் தமிழ்க் குறியீடுகளுக்குத் தனித்தனி எண்கள் உண்டாதலால் அவ்விடர் நீங்கியது. பழையதைப் புதியதற்கு மாற்றும்பொழுது எந்த எழுத்து இடம் மாறும் என்று கண்ணால் கண்டு திருத்தத் தெரிந்தவர்க்கு, கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தமிழ் வேலை கிடைக்கும்.

எழுத்தோடு வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். அழைப்பிதழ் நாளை காலடியில் விழக்கூடும் என்பதால் திருவசனத்தை அதில் அச்சிடத் தயங்கும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. இந்துக் குடும்பத்தார் அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவர். கரிய நிற அட்டையை அவர்களுக்குக் காட்டுவதே தகாது. 1936இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர், காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஆவார். சொல்லை எண்ணி எடுக்கும் மரபு நம் கரைக்கு உரியது. எழுத்துப்பிழையோடு ஒரு விளம்பரம் வெளிவருமாயின் அந்த மரபுக்கு அது இழுக்கன்றோ?

வெளிநாட்டு வேலையை நாடுவோர் அறிய வேண்டியனவும் சில உள. வேலை தருவோரையும் பெறுவோரையும் இணைக்கும் இணையச் சந்தைகளுள் ஒன்றான பைவர் 2010இல் தொடங்கியபொழுது, எந்த வேலையும் ஐந்து டொலர் என்பதே அதன் பெயர்க்காரணம். விற்பவர் பெறும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை அது கழித்துக்கொள்கிறது. 2022இல் நம் நாட்டில் பொருளாதாரம் சரிந்தது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. டொலரில் ஊதியம் பெற்றவர்க்கு அது வரப்பிரசாதமாகத் தோன்றியது. அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரமும் நின்றது. குறித்த நேரத்தில் வேலையை ஒப்படைக்கத் தவறினால் தொலைவில் உள்ளவர் காரணம் கேட்பதில்லை, நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவார். சேமிப்பும் மாற்று ஏற்பாடும் இல்லாத சுயாதீனம் எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அந்த ஆண்டு கற்பித்தது. வரியும் கணக்கேட்டின் ஒரு பகுதியே. 2025 ஏப்ரல் முதல் ஆண்டொன்றில் 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்திற்கு வரியில்லை. வெளிநாட்டார்க்குச் செய்த சேவைக்காக வங்கி வாயிலாக வரும் அந்நியச் செலாவணி வருமானத்திற்கு 15 வீதத்திற்கு மேல் வரியில்லை. ஒழுங்கான கணக்கு உடையவர்க்கே வங்கியிற் கடன் கேட்கவும் வாய் வரும்.

இனி, யந்திரம் வந்துவிட்டதே என்ற அச்சத்தையும் கேட்கிறோம். 2013இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய கன்வா, ஆயத்த அமைப்புகளை எவர் கையிலும் கொடுத்துவிட்டது. 2022 முதல், சொல்லைக் கொடுத்தால் படத்தை வரைந்து தரும் யந்திரங்களும் பரவிவிட்டன. வெறும் அலங்காரத்தையே விற்று வந்தவருக்கு இது இடர்தான். ஆனால் ஒரு கடைக்காரர் “வியாபாரம் குறைந்துவிட்டது, ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும்” என்று வரும்பொழுது, அவருக்கு வேண்டியது நோட்டீஸா, விலைப்பட்டியலா, அன்றிக் கடையின் பெயர்ப்பலகையில் விளக்கா என்று கேட்டறிந்து கூறும் பொறுப்பு மனிதனுடையது. பொய்யான பாராட்டை எழுதித் தரமாட்டேன் என்று மறுக்கும் நேர்மையும் அவனுடையதே. அவனிடம் வாடிக்கையாளர் மீண்டும் வருவர்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து வேலை செய்யும் பிள்ளையைச் சும்மா இருப்பதாக எண்ணி, மணிக்கொரு தரம் கடைக்கு அனுப்பாதீர்கள். தூர ஊருக்குப் போய் உழைக்க வாய்ப்பில்லாத பெண்மக்களுக்கு இத்தொழில் ஒரு பெரிய வாயில். அவர்களது அறைக்கதவு சாத்தியிருக்கும் நேரம் அலுவலக நேரம் என்று வீட்டார் மதிக்கவேண்டும். கலியாணப் பேச்சில் “மாப்பிள்ளை என்ன உத்தியோகம்?” என்று வாப்பாமார் கேட்கும்பொழுது, விடை சொல்லக் கூசும் இளைஞர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மூன்று ஆண்டுக் கணக்கேட்டைக் காட்டக்கூடியவனுக்கு அந்தக் கூச்சம் வேண்டியதில்லை. கேட்பவரும் அதனைப் புரட்டிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். பிள்ளை கணினி வேண்டுமென்று கேட்டால் இயன்றதை வாங்கிக் கொடுங்கள். அதனோடு நூறு பக்கக் கணக்குக் கொப்பி ஒன்றையும் வாங்கி, முதற் பக்கத்தில் அன்றைய திகதியை எழுதச் சொல்லிக் கொடுங்கள்.